சின்ன பிசினஸ் வெப்சைட்டுக்கு எந்த சிஎம்எஸ் (கோடிங் இல்லாமலே பக்கம் போட, மாத்த உதவுற சாஃப்ட்வேர்) நல்லது, வேர்ட்பிரஸா இல்ல விக்ஸ் மாதிரி ரெடிமேடா?

உங்க கேள்வில இருக்கிற விவரம் இவ்ளோதான்: அஞ்சாறு பேர் வேலை பாக்குற பிசினஸ், சர்வீஸ் பத்தி நாலு பக்கம், கொஞ்சம் போட்டோ, ஒரு என்கொயரி ஃபார்ம், எப்பவாச்சும் ஒரு அறிவிப்பு, பின்னாடி ஆன்லைன்ல வித்தாலும் விக்கலாம், கோடிங் தெரிஞ்ச ஆள் இல்ல.

நான் சின்ன சைட்டுகள் கட்டிக் குடுக்கற ஆளுதான், ஆனா கட்டினதை விட அடுத்தவங்க கட்டிட்டுப் போனதை ரிப்பேர் பாத்ததுதான் ஜாஸ்தி, அதனால நான் சொல்றது கொஞ்சம் மெக்கானிக் கார் வாங்க ஐடியா சொல்ற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

சிஎம்எஸ் பேரை அப்புறம் பாக்கலாம், முதல்ல ஒரு ஆளு பேரைச் சொல்லுங்க. சைட் லைவ் ஆகி ஆறு மாசம் கழிச்சு ஃபோன் நம்பர் மாறுது, யாரு லாகின் பண்ணி மாத்துவா? "எல்லாரும் பாத்துப்போம்"னு சொன்னீங்கன்னா யாரும் பாக்க மாட்டீங்கன்னு நான் எடுத்துக்குவேன். வேர்ட்பிரஸ் போட்டதும் தானா ஒரு "ஹலோ வேர்ல்ட்" போஸ்ட் வரும் தெரியுமா, அதக்கூட அழிக்காம வருஷக்கணக்கா லைவ்ல விட்டிருக்கற பிசினஸ் சைட்டுங்க எத்தனையோ பாத்துட்டேன். சாஃப்ட்வேர் மேல தப்பு இல்ல, உள்ள போக ஆள் இல்ல, அவ்ளோதான்.

அதனால நான் இப்பல்லாம் பண்றது என்னன்னா, ரெண்டு மூணு சிஎம்எஸ்ல இலவச ட்ரையல் போட்டு, அப்டேட் பண்ணப் போற அந்த ஆள்கிட்ட ஃபோனைக் குடுத்து, ஒரு லீவு அறிவிப்பு போடுங்க, ஒரு போட்டோவ மாத்துங்கன்னு சொல்லிட்டு வாய மூடிட்டு பக்கத்துல உக்காந்துருவேன். எதுல என்னைக் கேக்காம முடிக்கிறாங்களோ அதுதான் அவங்களுக்கு. ஒரு தடவை எனக்குப் பிடிச்ச எடிட்டர்ல அவங்க பத்து நிமிஷம் திணறிட்டு, நான் கேவலமா நினைச்சிட்டிருந்த ஒண்ணுல ரெண்டே நிமிஷத்துல முடிச்சாங்க. அன்னைக்கே என் ருசியை ஓரமா வெச்சிட்டேன்.

இப்ப பேருங்களுக்கு வரேன். வேர்ட்பிரஸ் 2003ல ப்ளாக் எழுதறதுக்காக வந்தது, இன்னைக்கு உலகத்துல இருக்கற சைட்டுகள்ல 40 சதவீதத்துக்கு மேல அதுலதான் ஓடுது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயமே அந்த எண்ணிக்கைதான், ஏன்னா உங்க டெவலப்பர் காணாமப் போனாலும் அடுத்த ஆள் கிடைப்பான். வேர்ட்பிரஸ் டாட் காம்னு ஒண்ணு, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்னு ஒண்ணு இருக்கு, இத நிறைய பேரு குழப்பிக்கறாங்க. டாட் காம்ல அவங்களே ஹோஸ்டிங் (சைட்ட வெக்கற சர்வர் இடம்) குடுத்து பாத்துக்குவாங்க, டாட் ஆர்க்ல சாஃப்ட்வேர் மட்டும் இலவசமா கிடைக்கும், ஹோஸ்டிங், பேக்கப், அப்டேட் எல்லாம் நம்ம தலையில.

அப்டேட்டுன்னதும் ஒண்ணு. வேர்ட்பிரஸ் ஹேக் ஆகுது ஹேக் ஆகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல, வேர்ட்பிரஸோட கோர், அதாவது அடிப்படை சாஃப்ட்வேர், பெரும்பாலும் அதுக்குக் காரணம் இல்ல, 2013ல வந்த 3.7 வெர்ஷன்லேர்ந்து சின்னச் சின்ன செக்யூரிட்டி அப்டேட்டெல்லாம் தானாவே போட்டுக்குது. ஓட்டை விழறது ப்ளகின்ல, அதாவது கூடுதல் வசதிக்காக நாம சேர்த்துக்கற குட்டி சாஃப்ட்வேர்ல. ஸ்லைடருக்கு ஒண்ணு, பாப்அப்புக்கு ஒண்ணு, ஸ்னோ விழறதுக்கு ஒண்ணுன்னு நாப்பது ப்ளகின் போட்டு வெச்சிருப்பாங்க, அதுல பத்து ப்ளகின எழுதினவனே கைவிட்டிருப்பான். நான் பத்துக்குள்ள நிறுத்திக்கறேன், அதுலயும் ரெண்டு மூணு எப்பவும் உறுத்திக்கிட்டேதான் இருக்கும்.

பேஜ் பில்டர் ப்ளகின் இன்னொரு கதை. இழுத்துப் போட்டு டிசைன் பண்ண சூப்பரா இருக்கும். நானே ஒரு சைட்ட அப்படிக் கட்டிட்டு, பின்னாடி ஸ்லோவா இருக்குன்னு அந்த ப்ளகின ஆஃப் பண்ணினேன், பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிக்குள்ள ஏதேதோ கோட், நடுநடுவுல நம்ம வாக்கியம் பிச்சுப்போட்ட மாதிரி. அறுபது பக்கத்தையும் கையால சுத்தம் பண்ணினேன். 2018 டிசம்பர்ல வந்த 5.0லேர்ந்து வேர்ட்பிரஸ்லயே ப்ளாக் எடிட்டர் (பத்தி, போட்டோன்னு தனித்தனி கட்டமா அடுக்கற எடிட்டர்) இருக்கு, ஆரம்பத்துல எல்லாரும் திட்டினாங்க, நானும் திட்டினேன், ஆனா சின்ன சைட்டுக்கு அது தாராளமாப் போதும்.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் மாதிரி ரெடிமேடு சேவைகள்ல இந்த அப்டேட், பேக்கப் தலைவலியெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, கோடிங் ஆள் இல்லாத உங்களுக்கு இது சாதாரண விஷயம் இல்ல, டெவலப்பருங்க இத மட்டமாப் பேசறதுல எனக்கு உடன்பாடே கிடையாது. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி வெளிய வர்ற வழி எங்கன்னு பாத்துருங்க. விக்ஸ்ல கட்டின சைட்ட அப்படியே தூக்கிட்டுப் போய் வேற ஹோஸ்டிங்ல வைக்க முடியாது, அத அவங்களே சொல்லிடறாங்க. ஸ்கொயர்ஸ்பேஸ்ல வேர்ட்பிரஸுக்கு ஏத்த ஒரு ஃபைலா எடுக்கலாம், ஆனா எல்லா வகைப் பக்கமும் அதுல வராது. வேர்ட்பிரஸ் மட்டும் ரொம்ப யோக்கியமான்னா, அதோட எக்ஸ்போர்ட் ஃபைல்ல எழுத்து இருக்கும், போட்டோ இருக்காது, போட்டோவோட லிங்க்தான் இருக்கும், பழைய சைட் உயிரோட இருக்கும்போதே இறக்கிக்கணும். இது தெரியாம பழைய ஹோஸ்டிங்க முதல்ல கேன்சல் பண்ணிட்டு வந்து நின்னவங்க இருக்காங்க.

நாலு பக்கச் சைட்டுன்னா வெளிய வரமுடியாததும் பெரிய விஷயம் இல்லதான், காப்பி பேஸ்ட் பண்ணி ஒரு ஞாயித்துக்கிழமைல முடிச்சிரலாம். நானூறு பக்கம் ஆனப்புறம்தான் வலிக்கும்.

நிஜமாவே விக்கப் போறீங்கன்னா, ஆளில்லாத இடத்துல வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ்ங்கற கடை ப்ளகின் போடறத விட, ரெடிமேடு ஆன்லைன் கடை சேவையான ஷாப்பிஃபை நல்லது. ஸ்டாக், ஆர்டர், பணம், இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னா எழுப்பறதுக்கு யாராச்சும் வேணும். மாசாமாசம் காசு போகும், பல ஆப்புக்குத் தனியா போகும், அத முன்னாடியே கூட்டிப் பாத்துக்கோங்க. ப்ராடக்ட் லிஸ்ட்ட சிஎஸ்வி ஃபைலா (எக்செல்ல திறக்கற பட்டியல்) எடுத்துக்கலாம், அது ஒரு நிம்மதி. ஆனா "பின்னாடி ஒருவேளை விக்கலாம்"னு இன்னைக்கே கடையக் கட்டாதீங்க.

ஜூம்லா, ட்ரூபல்னு இன்னும் ரெண்டு சிஎம்எஸ் இருக்கு, அதுங்க மோசம்னு சொல்ல மாட்டேன். ட்ரூபல்ல பெரிய பெரிய நிறுவனமெல்லாம் நடத்தறாங்க. ஆனா 2014 அக்டோபர்ல ட்ரூபல் 7ல ஒரு பெரிய ஓட்டை வந்துச்சு, அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள்ள பேட்ச் (ஓட்டைய அடைக்கற அப்டேட்) போடலன்னா உங்க சைட்ட ஹேக் பண்ணிட்டாங்கன்னே வெச்சுக்கோங்கன்னு அவங்க செக்யூரிட்டி டீமே சொன்னாங்க. ஏழு மணி நேரம். அஞ்சு பேர் இருக்கற பிசினஸ்ல அந்த மெயிலையே மறுநாள்தான் பாப்பாங்க. அதே 7ஐ விட்டு 8க்குப் போறதுன்னா கிட்டத்தட்ட சைட்ட மறுபடி கட்டறதுதான், அதனால பல பேரு 2025 ஜனவரில சப்போர்ட் நிக்கற வரைக்கும் 7லயே இழுத்துட்டு இருந்தாங்க.

இது எல்லாத்தையும் விட எனக்குப் பயம் எதுன்னா, "எங்க சொந்த சிஎம்எஸ்ல பண்ணித் தரோம்"னு யாராச்சும் சொல்றது. அவங்க கடையை மூடினா உங்க சைட்டும் மூடிடும், அத ரிப்பேர் பண்ண என்னால கூட முடியாது.

எல்லாரும் மறக்கற ஒண்ணு என்கொயரி ஃபார்ம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூணு மாசமா என்கொயரியே இல்ல, சீசன் டல்லுன்னு நெனச்சிட்டிருந்தாரு. போய்ப் பாத்தா எல்லாம் ஸ்பேம்ல கெடக்கு. ஃபார்ம் நிரப்பின கஸ்டமரோட ஜிமெயில் அட்ரஸையே அனுப்புறவர்னு போட்டு இவரோட சர்வர் மெயில் அனுப்பிட்டு இருந்திருக்கு, வாங்கற பக்கம் இது அந்த அட்ரஸ்காரங்க சர்வரே இல்லையேன்னு ஒதுக்கிடுச்சு. அனுப்புறது உங்க டொமைன் (உங்க சைட்டோட பேர்) அட்ரஸா இருக்கணும், எஸ்எம்டிபி (மெயில் அனுப்பற முறை) வழியா ஒழுங்கான மெயில் சேவைலேர்ந்து போகணும், பதில் போற இடத்துல மட்டும் கஸ்டமர் அட்ரஸ் இருந்தா போதும். மாசம் ஒருதடவை நீங்களே ஃபார்ம நிரப்பிப் பாருங்க. எந்த சிஎம்எஸ் எடுத்தாலும் இத விடாதீங்க, ஒரு கஸ்டமர் போனா கூட அது சிஎம்எஸ் சண்டைய விட பெருசு.

தமிழ்ல பக்கம் போடறதா இருந்தா ஒரு துணுக்கு. வேர்ட்பிரஸ்ல தலைப்பத் தமிழ்ல குடுத்தா யூஆர்எல்லும் (பக்கத்தோட முகவரி) தமிழ்லயே உருவாகும், உள்ள ஒவ்வொரு எழுத்துக் குறியும் ஒன்பது கேரக்டரா மாறி உக்காரும், மொத்தம் எடுத்துக்கறது 200 கேரக்டர்தான், அதனால தலைப்புக் கொஞ்சம் நீளமானா யூஆர்எல் பாதில வெட்டுப்பட்டு நிக்கும். சின்னதா நீங்களே ஒரு பேர் குடுத்துருங்க.

உங்க நெலமைக்கு நான் என்ன எடுப்பேன்னு கேட்டா, மாசத்துக்கு ஒரு மணி நேரம் உக்காந்து அப்டேட், பேக்கப் பாக்கற ஒரு ஆள உங்களால சொல்ல முடிஞ்சா வேர்ட்பிரஸ், கூட வர்ற டீஃபால்ட் தீம் (ரெடி டிசைன்), கொஞ்சமே கொஞ்சம் ப்ளகின். முடியலன்னா கூச்சப்படாம ரெடிமேடு. வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்தம்னா சிஎம்எஸ்ஸே வேண்டாம், சாதா எச்டிஎம்எல் பக்கம் நாலு போட்டா ஹேக் பண்றதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காது.

டொமைன் மட்டும் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடில, நீங்களே வாங்குங்க. டெவலப்பர் தன் அக்கவுன்ட்ல வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் ஃபோனே எடுக்காமப் போன ஒரு சைட்டுக்கு நான் போயிருக்கேன், கன்டென்ட், டிசைன் எல்லாத்தையும் மீட்டோம், பேரை மீட்க முடியல, விசிட்டிங் கார்டுலேர்ந்து வண்டில எழுதினது வரைக்கும் மாத்தினாங்க. அத இன்னைக்கே முடிச்சிருங்க, சிஎம்எஸ்ஸ அடுத்த மாசம் முடிவு பண்ணா கூட குடி முழுகிப் போகாது.