ஓடும் கார்கள் டவர் இல்லாமல் தங்களுக்குள் பேசி சென்சார் தரவைப் பகிர்ந்து சர்வருக்கு ஏற்றுவது எப்படி? எங்கே சொதப்பும்?

கேள்வியைச் சுருக்கிக் கொள்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட். சாலையில் ஓடும் கார்கள் மொபைல் டவரை நம்பாமல் நேரடியாக வலை பின்னிக்கொண்டு, பள்ளம், திடீர் பிரேக் போன்ற தகவல்களைப் பகிர வேண்டும். பிறகு அவற்றில் ஏதோ ஒரு கார் எல்லாவற்றையும் சர்வருக்கு ஏற்ற வேண்டும். இதை எப்படி வடிவமைப்பது, எந்தெந்த இடத்தில் உதைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பகிர்வது, ஏற்றுவது என்று ஒரே மூச்சில் கேட்டாலும் இரண்டும் வெவ்வேறு வேலைகள். முன்னால் போகும் கார் பிரேக் போட்டதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல 100 மில்லிசெகண்ட்தான் அவகாசம். ஒரு நொடி கழித்து வந்தால் அது குப்பை. பள்ளம் இருக்கும் இடத்தை சர்வருக்குச் சொல்வது பத்து நிமிடம் பிந்தலாம், ஒரு ராத்திரி கூடப் பிந்தலாம், ஆனால் தொலையக் கூடாது. இரண்டையும் ஒரே வரிசையில் போட்டு ஒரே விதத்தில் அனுப்பினால் இரண்டும் கெடும். பெரும்பாலான புராஜெக்ட்கள் படுத்துவிடுவது இங்கேதான்.

முதலில் ரேடியோ. 802.11பி (802.11p) என்பது வாகனங்களுக்கான, வைஃபையின் உடன்பிறப்பு. 5.9 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 20க்குப் பதில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல், 3 முதல் 27 மெகாபிட் வரை வேகம். பழக்கத்தில் எல்லோரும் 6 மெகாபிட்டில் ஓட்டுவார்கள். வீட்டு வைஃபையைப் போல ரூட்டரோடு கைகுலுக்கி இணையும் சடங்கு இதில் கிடையாது. ஓசிபி (OCB) என்ற முறையில், காதில் விழும் யாரும் உடனே கேட்கலாம், உடனே பேசலாம். எதிரெதிராக 100 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டு கார்களுக்கு இது அவசியம். ஆளுக்கு 300 மீட்டர் வீச்சு என்று வைத்தால், ஒருவரையொருவர் கேட்கும் மொத்த நேரமே சுமார் 11 நொடி. அதில் பாதியை அறிமுகத்திலேயே செலவழிக்க முடியாது.

இப்போது ஒரு கணக்கு, இதைத் தவறாமல் ரிப்போர்ட்டில் போடுங்கள். டிஜிட்டல் கையொப்பத்தோடு சேர்த்து 300 பைட் உள்ள ஒரு செய்தி 6 மெகாபிட்டில் 0.4 மில்லிசெகண்ட் எடுக்கும். தலைப்பையும் இடைவெளியையும் சேர்த்தால் அரை மில்லிசெகண்ட். ஒரு கார் நொடிக்கு 10 செய்தி அனுப்பினால் 100 கார்களே சேனலின் பாதியைத் தின்றுவிடும். 6 லேன் சாலையில் நெரிசல் வந்தால் 600 மீட்டருக்குள் 400 கார்கள் சாதாரணமாக நிற்கும். அதாவது தகவல் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் வலை மூச்சுத் திணறும்.

ஐரோப்பியத் தரத்தில் இதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. கார் 4 மீட்டர் நகர்ந்திருந்தால், அல்லது 4 டிகிரி திரும்பியிருந்தால், அல்லது வேகம் நொடிக்கு அரை மீட்டர் மாறியிருந்தால் மட்டுமே புதுச் செய்தி. ஒன்றுமே மாறாவிட்டாலும் நொடிக்கு ஒன்று. நெரிசலில் நிற்கும் கார் தானாகவே வாயை மூடிக்கொள்ளும். இந்த மூன்று எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், சேனல் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று ஒவ்வொரு காரும் அளந்து, 60ஐத் தாண்டினால் செய்தி அனுப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

எல்லோருக்குமாக ஒலிபரப்பும் செய்திக்கு 'கிடைத்தது' என்ற பதில் வராது என்பதையும் மறக்காதீர்கள். மோதல் நடந்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது. மறுமுறை அனுப்புவதும் இல்லை. 'என் சிமுலேஷனில் 100 சதவீதம் போய்ச் சேர்ந்தது' என்று எழுதினால், தேர்வாளர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

எதை அனுப்புவது? கச்சாத் தரவை அல்ல. 1080 வரி கேமரா ஒன்று நொடிக்கு 30 படம் வீதம் சுருக்காமல் தருவது கிட்டத்தட்ட 750 மெகாபிட். சேனலின் உச்சமே 27. அதனால் காருக்குள்ளேயே முடிவெடுத்து, 'இந்த இடத்தில், இந்தத் திசையில், இந்த வேகத்தில் ஒரு பொருள்' என்ற பட்டியலை மட்டும் அனுப்புவதுதான் வழக்கம்.

பள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். எம்ஐடியில் 2008இல் பாஸ்டன் டாக்சிகள் ஏழில் முடுக்கமானி (அதிர்வை அளக்கும் சென்சார்) வைத்துச் செய்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். நொடிக்கு 380 மாதிரி, மூன்று அச்சு, அச்சுக்கு 2 பைட் என்று வைத்தால் மணிக்கு 8 மெகாபைட்டுக்கு மேல் சேரும். பள்ளத்தைக் கண்டுபிடித்த பிறகு ஒரு நிகழ்வுக்கு 24 பைட் போதும்: நேரம் 6, அட்சரேகை 4, தீர்க்கரேகை 4, திசை 2, வேகம் 2, மீதியில் வகை, கடுமை, ஜிபிஎஸ் பிழை. அட்சரேகையை ஒரு டிகிரியின் கோடியில் ஒரு பங்கு அலகில் முழு எண்ணாக வைத்தால் 4 பைட்டில் அடங்கும். துல்லியம் சுமார் 1 செ.மீ. ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவில் எழுதினால் இதே தகவல் 200 பைட்டுக்குப் போகும்.

கண்டுபிடிப்பதிலும் ஒரு சூட்சுமம். வேகத்தடையும் பாலத்து இணைப்பும் இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கும். பள்ளம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டும் உலுக்கும். ஆகவே செங்குத்து அதிர்வோடு பக்கவாட்டு அதிர்வையும் ஒப்பிட வேண்டும். கதவை அடித்துச் சாத்துவதும் பள்ளம் மாதிரியே தெரியும் என்பதால், கார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து வடிகட்டுங்கள். நம் ஊரில் தெருவுக்கு மூன்று வேகத்தடை இருப்பதால், இதைச் செய்யாவிட்டால் வரைபடம் முழுக்கப் பள்ளமாகத்தான் இருக்கும்.

ஒரே பாக்கெட்டில் நிறையத் திணித்தால் சிக்கனம்தானே என்று தோன்றும். 1500 பைட் பாக்கெட் 6 மெகாபிட்டில் 2 மில்லிசெகண்ட் ஓடும். எதிரெதிர் கார்கள் அதற்குள் 11 செ.மீ. நெருங்கிவிடும், 5.9 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 5 செ.மீ. 802.11பி ரிசீவர் சேனல் எப்படி இருக்கிறது என்று கணிப்பது முக்கியமாகப் பாக்கெட்டின் முகப்பை வைத்துத்தான். கட்டடத்திலும் லாரியிலும் பட்டு வரும் எதிரொலிகள் வாலுக்குள் மாறிவிடுவதால் தலை தெளிவாக வந்து வால் சிதையும். சிதைந்தால் முழுப் பாக்கெட்டும் போச்சு. 300, 400 பைட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் ஏற்றுவது? ஒரே பள்ளத்தில் இருபது கார் இறங்கினால் இருபது பதிவும் போகத் தேவையில்லை. கார்களைக் கூட்டமாகப் பிரித்து ஒரு தலைவர் காரைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறைகள் காகிதத்தில் அழகாக இருக்கும். சாலையில் தலைவர் அடுத்த சிக்னலில் திரும்பிப் போய்விடுவார். அதைவிடக் காத்திருப்பு முறை நல்லது. பள்ளத்தை உணர்ந்த ஒவ்வொரு காரும் ஒரு டைமரை ஓட்டும். ஏற்றும் வசதி நன்றாக உள்ள காருக்குக் குறைந்த நேரம், மற்றவற்றுக்கு அதிகபட்சம் 2 நொடி, கூடவே குலுக்கல் முறையில் 50 மில்லிசெகண்ட் வரை தாமதம். முதலில் டைமர் முடிந்தவர் 'இதை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று அறிவிப்பார், கேட்டவர்கள் அடங்கிவிடுவார்கள். ஆனால் அடங்குவது வேறு, அழிப்பது வேறு. எடுத்துக்கொண்டவர் போய் ஷெட்டில் நின்றுவிடலாம். மற்றவர்கள் பதிவை முன்னுரிமை குறைத்து வைத்திருந்து, பிறகு வசதி கிடைக்கும்போது ஏற்றட்டும், சர்வர் பார்த்துக்கொள்ளும்.

சர்வர் பார்த்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு பதிவும் ஒரே பள்ளம்தான் என்று தெரிய ஒரு சாவி வேண்டும். சாலையை 20 மீட்டர் கட்டங்களாக வெட்டி, கட்டம், திசை, வகை, கால அளவு நான்கையும் சேர்த்தால் சாவி. திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை தவறும் என்பதால் கட்டம் 10 மீட்டருக்குக் கீழே போனால் ஒரே பள்ளம் மூன்றாகும். எல்லையில் விழும் பள்ளத்துக்காகப் பக்கத்துக் கட்டத்தையும் பார்க்க வேண்டும். திசையைச் சேர்க்காவிட்டால் எதிர்ச் சாரிப் பள்ளம் உங்கள் சாரிக்கு வரும். சென்னைக் கத்திப்பாரா மேம்பாலம் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று சாலை போகும் இடத்தில் திசையும் போதாது, உயரத்தில் ஜிபிஎஸ் இன்னும் மோசம். எந்தச் சாலையில் ஏறி வந்தது என்று கடைசி 200 மீட்டர் தடத்தைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

பலர் விடும் இன்னொன்று: பள்ளம் இருந்த கட்டத்தை அதிராமல் கடந்த கார்களின் எண்ணிக்கையையும் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் மாநகராட்சி பள்ளத்தை மூடிய பிறகும் உங்கள் வரைபடத்தில் அது சாகாவரம் பெற்றிருக்கும்.

ஏற்றும் பாதைக்கு வருவோம். ஓடும் காரிலிருந்து சாலையோர வைஃபை எவ்வளவு கிடைக்கும் என்று பாஸ்டன் பகுதியில் அளந்து 2006இல் வெளியிட்டார்கள். இணைப்பு நீடித்த இடைநிலை நேரம் 13 நொடி, ஏற்ற வேகம் நொடிக்கு 30 கிலோபைட், அடுத்த இணைப்பு கிடைக்கச் சராசரியாக 75 நொடி. பெருக்கிப் பாருங்கள்: ஒரு சந்திப்பில் 390 கிலோபைட். 24 பைட் பதிவு என்றால் பதினாறாயிரம்; 4 மெகாபிட் வீடியோ என்றால் ஒரு நொடி கூட இல்லை. அதே குழுவின் பிந்தைய வேலையில், சாதாரண மென்பொருளில் 10 நொடிக்கு மேல் பிடித்த இணைப்புச் சடங்கை 400 மில்லிசெகண்டுக்குள் கொண்டுவந்தார்கள். லாபம் கிடைத்தது வேகத்தைக் கூட்டி அல்ல, வீணாகும் நேரத்தைக் குறைத்து.

இணையத்தின் வழக்கமான அனுப்பும் நெறிமுறையான டிசிபியை அப்படியே பயன்படுத்தினால் ரேடியோவில் தொலைந்த பாக்கெட்டை நெரிசல் என்று நினைத்து அது வேகத்தைக் குறைக்கும். கார் தாண்டிப் போன பிறகுதான் மீண்டும் நிமிரும். பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் எளிய நெறிமுறையான யுடிபி மேல் சொந்தமாக எளிய மறுஅனுப்பல் எழுதுங்கள். பதிவுகளை 8 அல்லது 16 கிலோபைட் துண்டுகளாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்யுங்கள். புதியது முன்னால் போகட்டும். வந்த வரிசைப்படி அனுப்பினால் நேற்றைய பழசு இன்றைய அவசரத்தை மறித்துக்கொண்டு நிற்கும். பதிவை அழிப்பது சர்வரின் ரசீது வந்த பிறகு மட்டுமே. சாலையோரப் பெட்டியிடம் கொடுத்தவுடன் அழித்தால் ஒருநாள் அழுவீர்கள். சாவியைத் திருகி வண்டியை நிறுத்தும்போது மின்சாரம் பட்டென்று போகும். பாதி எழுதிய கோப்பு கெடும். எஸ்க்யூலைட் தரவுத்தளம் என்றால், மாற்றத்தை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் WAL முறையில் வையுங்கள், சில நொடி தாங்கும் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள்.

சேமித்துச் சுமந்து சேர்க்கும் இந்த முறை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் நூற்றுக்கணக்கான பேருந்துகளிலும் குப்பை லாரிகளிலும் 802.11பி பெட்டி பொருத்தி, நகரத்துச் சென்சார் தரவை இப்படிச் சுமக்க வைத்தார்கள். பேருந்து தினமும் ஒரே வழியில் போகும், இரவில் பணிமனைக்கு வரும். முதல் சோதனைக்கு அதைவிட நல்ல வண்டி இல்லை.

பாதுகாப்பில் ஒரே ஒரு பொறியைச் சொல்கிறேன். 'மூன்று கார் சொன்னால் நம்பு' என்று விதி வைப்பீர்கள். கார்கள் தடம் தெரியாமலிருக்கப் புனைபெயர்ச் சான்றிதழ்களை மாற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்க வடிவமைப்பில் ஒரு வாரத்துக்கு 20 சான்றிதழ் ஒரே சமயத்தில் செல்லுபடியாகும். ஆக மூன்று பெயர் என்பது மூன்று கார் ஆகாது. ஒரே நிமிடத்தில் வந்தவற்றை ஒன்றாக எண்ணி, வெவ்வேறு மணி நேரங்களில் வந்தால்தான் தனித்தனி சாட்சி என்று கொள்ளுங்கள். புனைபெயரை மாற்றும்போது மேக் முகவரியையும் (ரேடியோ கருவியின் அடையாள எண்) பாக்கெட் வரிசை எண்ணையும் சேர்த்து மாற்றாவிட்டால், வேஷம் மாற்றிக்கொண்டு அதே செருப்போடு நடப்பது போலத்தான்.

கடிகாரமும் கடிக்கும். ஐரோப்பியச் செய்திகளில் நேரம் 2004 ஜனவரி 1 முதல் மில்லிசெகண்டில், லீப் நொடிகளையும் (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக அவ்வப்போது சேர்க்கும் நொடிகள்) சேர்த்து எண்ணப்படுகிறது. அவற்றை எண்ணாத லினக்ஸ் நேரத்திலிருந்து நேராகக் கழித்தால் 5 நொடி பிசகும். ஒரு காரின் செய்தியை மற்றொன்று பழசு என்று தூக்கி எறியும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் கொடுமை.

சிமுலேஷனுக்கு சுமோவும் (போக்குவரத்தை ஓட்டிக் காட்டும் மென்பொருள்) வெயின்ஸும் (அதில் கார்களின் ரேடியோ வலையைச் சேர்ப்பது) போதும். கார்களைத் தாறுமாறாக அலையவிடும் ரேண்டம் வேபாயிண்ட் மாதிரியை விட்டுவிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து நிஜச் சாலையை இறக்குங்கள், இடப்பக்கப் போக்குவரத்துக்கான தேர்வைப் போட மறக்காதீர்கள். சுமோவின் இயல்பான படி 1 நொடி, 100 கி.மீ. வேகத்தில் கார் 28 மீட்டர் தாவும். 0.1 நொடியாக மாற்றுங்கள். டூவீலர்கள் இடுக்கில் புகுவதைக் காட்ட, லேனுக்குள் பக்கவாட்டு நகர்வை அனுமதிக்கும் தேர்வையும் இயக்க வேண்டும். கட்டடங்களைத் தடையாக வைக்காவிட்டால் முடிவுகள் பொய். எல்லா வண்டியிலும் கருவி இருப்பதாகவும் கொள்ளாதீர்கள்: 10 சதவீத வண்டிகளில் இருந்தால், சந்திக்கும் இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதம்தான்.

நிஜக் கருவியில் பார்க்க ஆசைப்பட்டால், ஏடிஎச்9கே டிரைவர் உள்ள பழைய ஏதரோஸ் மினி பிசிஐ வைஃபை அட்டைகள் லினக்ஸில் ஓசிபி முறைக்கு ஒத்துழைக்கும். ஆனால் இந்தியாவில் 2018இல் உரிமம் தேவையில்லை என்று அறிவித்த 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 5875 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது; ஐரோப்பாவில் சாலைப் பாதுகாப்புக்கான வாகனச் சேனல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. அதனால் மேசையில் இரண்டு அட்டைகளையும் கேபிளாலும் சிக்னலைக் குறைக்கும் 60 டெசிபல் அட்டெனுவேட்டராலும் இணைத்துச் சோதியுங்கள். சாலைக்கு எடுத்துப் போவதென்றால் 5.8 பட்டைக்குள் நில்லுங்கள், ஆன்டெனாவைக் கூரைமேல் வையுங்கள், இடையில் மெல்லிய ஆர்ஜி-174 கேபிளை 3 மீட்டர் ஓட்டாதீர்கள். இந்த அலைவரிசையில் சிக்னலின் பாதிக்கு மேல் கேபிளுக்குள்ளேயே தீர்ந்துவிடும்.