தொட்டி மாற்றும் முன் வேரைப் பாருங்கள்: வீட்டுச் செடி கேள்வி பதில்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைத் தொட்டி மாற்றுவது பற்றி இன்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மான்ஸ்டெரா, மணி பிளாண்ட், ஆந்தூரியம், பீஸ் லில்லி இதெல்லாம் எனக்கு நன்றாகப் பழக்கம். மாடித் தோட்டக் காய்கறி, ரோஜா எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. கேட்பதற்கு முன் செடியை மெதுவாகத் தொட்டியிலிருந்து உருவி வேரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

கோவை: அக்கா, மான்ஸ்டெரா 8 இஞ்ச் தொட்டியில ரெண்டு வருஷமா இருக்கு. அடி ஓட்டை வழியா வேர் வெளிய வருது. புது இலையில கிழிசலே விழல. அடிக்கடி மாத்த வேண்டாம்னு நேரா 16 இஞ்ச் தொட்டிக்குப் போயிடலாமா?

வேண்டாம். 10 இஞ்ச் போதும். 8 இஞ்சிலிருந்து 10 இஞ்ச் போனாலே மண்ணின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது, 16 இஞ்ச் என்றால் 8 மடங்கு. அவ்வளவு மண்ணிலும் நீங்கள் ஊற்றும் தண்ணீர் நிற்கும், ஆனால் அதைக் குடிக்க அங்கே வேர் இல்லை. நாள் கணக்கில் ஈரம் காயாது, வேருக்குக் காற்று கிடைக்காது, அழுக ஆரம்பிக்கும். வீட்டுச் செடிகள் சாவதற்குப் பெரிய காரணமே இதுதான், இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: ஒரு சுற்று பெரிய தொட்டி, அதாவது இருப்பதைவிட 2 இஞ்ச் கூடுதல், அதற்கு மேல் வேண்டாம்.

இலை கிழியாததற்கும் தொட்டிக்கும் சம்பந்தம் குறைவு. வெளிச்சமும் செடியின் வயதும்தான் காரணம். ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாமல் வையுங்கள்.

இப்போது மாற்றும் முறை. முந்தின நாள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், வேர் வளைந்து கொடுக்கும். தொட்டியைப் படுக்கவைத்துச் சுற்றிலும் அமுக்கி, வேர்ப்பந்தோடு, அதாவது வேரும் அதைச் சுற்றிய மண்ணும் கலையாமல், உருவுங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒட்டிக்கொண்டிருந்தால் பழைய கத்தி ஒன்றைத் தொட்டியின் உள்சுவரை ஒட்டிச் சுற்றிவிடுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் வேரைத் தொடாதீர்கள். கறுத்து, அமுக்கினால் நசுங்குகிற வேரை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டுங்கள். அடியில் வட்டமாகச் சுற்றியிருப்பதைக் கீழ்ப்பகுதியில் மட்டும் விரலால் பிரித்துவிட்டால் போதும். பழைய மண்ணை முழுக்கக் கழுவி எடுப்பது தேவையில்லாத வேலை, நுனி வேர்கள்தான் அறுந்து போகும்.

கலவைக்கு தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் பருமணல். அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. முன்பு தண்டு எந்த அளவு மண்ணில் இருந்ததோ அதே அளவுதான் இப்போதும் இருக்கவேண்டும்.

இன்னொன்று. மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை உள்ள காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. அதனால் அது பற்றி ஏற ஒரு கம்பை இப்போதே நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் கிழியும். தண்டிலிருந்து வெளியே நீளும் காற்றுவேர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கம்பு. காற்றுவேர்களை வெட்டவேண்டாம், நீளமானவற்றை மண்ணுக்குள் விட்டுவிடலாம்.

முடிந்ததும் அடியில் ஒழுகும் வரை ஒருமுறை ஊற்றுங்கள். அப்புறம் மேல் 2 இஞ்ச் காயும் வரை கைவைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு வேறு உரம் கிடையாது. அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளானால் பயப்படவேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கருணைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு எல்லாம் இதே குடும்பம்தான், நறுக்கும்போது கை அரிக்குமே, அந்த அரிப்பு இதன் சாற்றிலும் உண்டு.

திருச்சி: நேத்து பீஸ் லில்லி வாங்கினேன். வந்ததும் தொங்கிப்போச்சு. உடனே தொட்டி மாத்தவா?

இரண்டு வாரம் விடுங்கள். இடம் மாறிய அதிர்ச்சியே அதற்குப் போதும். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள், மாலைக்குள் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் உருவி வேரைப் பாருங்கள். பிறகு மாற்றும்போது வேர்ப்பந்தின் நடுவில் சின்ன வலைத்துணி இருக்கிறதா என்று தேடுங்கள். நாற்றாக இருந்தபோது சுற்றியதை அப்படியே விட்டிருப்பார்கள். இருந்தால் கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

சென்னை: ஸ்னேக் பிளாண்ட் பிளாஸ்டிக் தொட்டியையே பிளந்துடுச்சு.

நல்ல ஆரோக்கியம். கிழங்கோடு இரண்டாகப் பிரித்து நடுங்கள், வெட்டுவாய் ஒரு நாள் காயட்டும்.

வேலூர்: மே மாசம் லீவுல மாத்தலாமா?

கத்திரி வெயில் முடியட்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் காற்றிலேயே ஈரம், கலவை காயவே காயாது, புதிதாக வெட்டுப்பட்ட வேர் அழுகும். ஏற்கெனவே அழுகல் என்றால் மட்டும் மாதம் பார்க்காதீர்கள், அன்றே மாற்றுங்கள்.

ஈரோடு: வெறும் கோகோபீட்ல வைக்கலாமா? 5 கிலோ கட்டி வாங்கி வெச்சிருக்கேன்.

வெறுமனே வேண்டாம். நாளாக நாளாக அமுங்கிக் கெட்டியாகிவிடும்.  அதில் சத்தும் கிடையாது. முக்கியமாக உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே கலவையில் சேருங்கள். இலை நுனி கருகுகிறது என்று வரும் புகார்களில் நிறைய இந்த உப்பில்தான் போய் முடிகின்றன.

மதுரை: அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்ல?

வடியாது. ஜல்லி போடாதீர்கள்.

தஞ்சாவூர்: அக்கா, இதை ஒத்துக்க முடியல. எங்க பாட்டி காலத்திலேர்ந்து ஓட்டுச்சில்லு போட்டுத்தான் வைக்கிறோம். எல்லாம் நல்லாத்தான் வளருது.

நியாயமான கேள்வி, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பாட்டி வைத்தது மண்தொட்டி. சுவர் வழியாகவே ஈரம் ஆவியாகிவிடும். முற்றத்தில் வெயிலில் இருந்தது, காற்று அடித்தது. ஓட்டுச்சில்லு போட்டாலும் செடி தாங்கியது. நீங்கள் வைத்திருப்பது ஹாலில், பிளாஸ்டிக் தொட்டியில்.

பொடியான கலவை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அது முழுக்க நிறையும் வரை கீழே ஜல்லிக்கு நடுவே இருக்கும் பெரிய இடைவெளிகளுக்குள் தண்ணீர் இறங்காது. ஆக, எந்தத் தொட்டியிலும் கலவையின் அடியில் ஒரு ஈரப் பட்டை நிற்கும். அதன் உயரம் கலவையைப் பொறுத்தது. ஜல்லி போட்டால் அந்தப் பட்டை மறையாது, இரண்டு இஞ்ச் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடினால் வடிகிறது, குறைந்தால் தேங்குகிறது. ஜல்லி போட்டு மண்ணின் உயரத்தைக் குறைக்கிறீர்கள், அவ்வளவுதான் நடக்கிறது.

நாகர்கோவில்: அப்போ ஓட்டை வழியா மண்ணு போயிடுமே?

ஒரே ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து ஓட்டை மேல் வையுங்கள், அல்லது ஒரு துண்டு கொசுவலை. நான் வேண்டாம் என்பது அடுக்காகப் போடும் ஜல்லியை.

தஞ்சாவூர்: ஸ்பாஞ்ச் சரி. ஆனா ஜல்லியோட வேற மாதிரி இருக்கலாம்ல?

இரண்டு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் ஓட்டை போடுங்கள். ஒன்றில் ஜல்லி, இன்னொன்றில் இல்லை. இரண்டிலும் விளிம்பு வரை அதே கலவை. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஜல்லிக்கு மேலே கருத்த ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

சேலம்: மணி பிளாண்ட் 6 இஞ்ச்ல இருக்கு. வீட்ல 14 இஞ்ச் தொட்டி சும்மா கிடக்கு.

கோவைக்குச் சொன்னதைப் படியுங்கள். 8 இஞ்ச்.

கடலூர்: ஆந்தூரியத்துக்குப் பெரிய தொட்டி வெச்சா நிறைய பூக்குமா?

பூக்காது. 2 இஞ்ச் மட்டும் கூட்டுங்கள். இது இன்று மூன்றாவது முறை, மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். பூவுக்கு வெளிச்சம்தான் வேண்டும்.

திண்டுக்கல்: கறிவேப்பிலை தொட்டியில வரவே மாட்டேங்குது.

அது வெயில் செடி, என் பக்கம் இல்லை. உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

புதுச்சேரி: பீங்கான் தொட்டியில ஓட்டையே இல்ல. அடியில ஜல்லி போட்டு வைக்கலாமா?

ஜல்லி வேண்டாம்! செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வைக்கவேண்டும்.

தாம்பரம்: இசட் இசட் பிளாண்ட் வாங்கி மூணு வருஷம், மாத்தவே இல்ல. தப்பா?

இல்லை. கிழங்கில் தண்ணீர் சேர்த்துவைக்கும் செடி, நெருக்கம் அதற்குப் பிடிக்கும். தொட்டி உப்பும்வரை விட்டுவிடுங்கள்.

கோவை: அக்கா, மறுபடி நான்தான். பூனை இருக்கு, மான்ஸ்டெராவ கடிச்சா?

வாய் எரியும், எச்சில் வடியும், வாந்தி வரலாம். எட்டாத இடத்தில் வையுங்கள், கடித்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மணி பிளாண்டுக்கும் பீஸ் லில்லிக்கும் இதேதான். பிஞ்சுக் குழந்தை இருக்கும் வீட்டிலும் அப்படியே.

சிங்கப்பூர்: இங்க வருஷம் முழுக்க ஒரே சூடு. எந்த மாசம் மாத்தணும்?

மாதம் பார்க்கவேண்டாம், புது இலை வந்துகொண்டிருந்தால் மாற்றலாம். தட்டில் மட்டும் தண்ணீர் நிற்கவிடாதீர்கள், டெங்குக் கொசு வரும்.

தஞ்சாவூர்: டம்ளர் பாத்துட்டேன். ஜல்லிக்கு நேர் மேல சேறு மாதிரி இருக்கு. இன்னொண்ணுல அந்த ஈரம் அடியிலேயே நிக்குது. இப்ப ஏற்கெனவே ஜல்லி போட்ட செடியெல்லாம் என்ன பண்றது?

நன்றாக இருக்கும் செடிகளைக் கலைக்கவேண்டாம், அடுத்த முறை மாற்றும்போது எடுத்துவிடுங்கள். இலை மஞ்சளாகி, மண்ணில் புளித்த வாடை வரும் தொட்டியை மட்டும் இந்த வாரமே உருவிப் பாருங்கள்.