டேட்டாபேஸைப் புது சேர்வருக்கு ஏற்றுவது: மலையகத்துக் கேள்விகள்

ஹட்டன், கடைக்காரர்: அண்ணே, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் 5.7-லிருந்து 8.0-க்குப் போறேன். டேட்டா போல்டரை அப்படியே கொப்பி பண்ணினா போதாதா?

சேர்வர் ஓடும்போது அந்த போல்டரில் கை வைக்காதீங்க தம்பி, பாதி எழுதினதும் சேர்ந்து வரும். டம்ப் எடுங்க, அதாவது டேட்டாவை ஒரு பைலா எழுதி வெளியே எடுக்கிறது. சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன் ஆப்ஷனைப் போட்டா கடையில பில் அடிக்கிறது நிற்காது. ஆனா அது இன்னோடிபி வகை டேபிளுக்குத்தான். பழைய மைஐசாம் வகை டேபிள் இருந்தா, எழுதுறதை நிறுத்திட்டு எடுக்கணும். ட்ரிகர் (டேபிள் மாறும்போது தானா ஓடுறது) டம்ப்பில் தானா வரும். ரூட்டீனும் (சேமிச்சு வச்ச நிரல்) ஈவெண்ட்டும் (நேரம் குறிச்சு ஓடுறது) தனியா கேட்டாத்தான் வரும்.

தலவாக்கலை, தோட்ட ஆபீஸ்: தேயிலைக் கொழுந்து நிறை பதியுற சிஸ்டத்தை மாத்தினோம். ஆட்களோட பெயரெல்லாம் கிறுக்கலா வருது.

கிறுக்கலா, கேள்விக்குறியா? கேள்விக்குறின்னா எழுத்து தொலைஞ்சது. பழைய சேர்வரிலிருந்து திரும்ப எடுக்கணும். கிறுக்கல்னா பயமில்லை. பழைய டேபிள் தன்னை லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துக்கான குறியாக்கம்)னு சொல்லிக்கிட்டு, உள்ளே யூடிஎஃப்8 (தமிழும் எழுதுற குறியாக்கம்) பைட்டுகளை வச்சிருக்கும். டம்ப் எடுக்கிறப்போ அதை லத்தீன்னு நம்பி இன்னொரு தரம் மாத்துது. அதனால லத்தீன்1னே சொல்லி எடுங்க. பைலில் லத்தீன்1ங்கிற சொல் வர்ற இடங்களை யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்-ல முழு யூடிஎஃப்8) ஆக்கிட்டு ஏத்துங்க. இதுல நானே ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கேன்.

பண்டாரவளை: டேட்டா வந்துருச்சு, லொகின் ஆகலை.

யூசர்கள் உங்க டேட்டாபேஸுக்குள்ளே இல்லை, தனியா உருவாக்கணும். 8.0-ல பாஸ்வேர்ட் சரிபார்க்கிற முறையும் மாறியிருக்கு, பிஎச்பி 7.4-க்கு முந்தினதுன்னா ஒத்துவராது.

நுவரெலியா: பெரிய பைல், மழைன்னா லைன் அறுந்துடுது.

ஜிஸிப்பில் சுருக்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ற மாதிரி ஆர்சிங்க்ங்கிற பைல் அனுப்புற கருவியில் அனுப்புங்க. போய்ச் சேர்ந்ததும் ரெண்டு பக்கமும் செக்சம் (பைலோட அடையாள எண்) ஒத்துவருதான்னு பாருங்க.

தலவாக்கலை, மறுபடியும்: பெயர் சரியாச்சு, நன்றி அண்ணே. எல்லாம் வந்துருச்சுன்னு எப்படி நம்புறது?

டேபிள் பட்டியலில் காட்டுற வரி எண்ணிக்கையை நம்பாதீங்க, இன்னோடிபியில அது உத்தேசக் கணக்கு. கவுண்ட் போட்டு எண்ணுங்க. அதோட போன மாசத்து மொத்தக் கொழுந்துக் கிலோவை ரெண்டு சேர்வரிலும் கூட்டிப் பாருங்க. கிலோ ஒத்துவந்தா எனக்கு நிம்மதி. பில் நிற்காம டம்ப் எடுக்கலாம்தான், ஆனா சேர்வர் மாறுறதுக்கான கடைசி டம்ப் ஆரம்பிக்க முன்னமே பழையதுல பதிவை நிறுத்திடணும், இல்லைன்னா நடுவில போட்ட நிறை அங்கேயே தங்கிடும். ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்ல வச்சுக்குங்க. சம்பளம் போட்டு முடியுறவரை பழைய சேர்வரை அழிக்காதீங்க.

ஹப்புத்தளை: புதுசுல நேரம் அஞ்சரை மணித்தியாலம் பின்னாடி இருக்கே?

சேர்வர் யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல, ஓடுது. டைம் ஸோனை +05:30 ஆக்குங்க, புது பில் சரியாகும். டேட்டைம் வகை நிரலில் (column) ஏற்கனவே பிந்திப் பதிஞ்சதை நீங்கதான் திருத்தணும்.