தகரக் கொட்டிலுக்குள் குளவி: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஒட்டுசுட்டானிலிருந்து: நெல் மூட்டையும் லான்ட்மாஸ்டரும் வைக்க 20 அடிக்கு 30 அடியில் தகரக் கொட்டில் போட்டிருக்கிறோம். மாரி தொடங்கினால் கூரைக்குக் கீழே குளவி கட்டிவிடுகிறது. எந்த வழியால் வருகிறது என்றே பிடிபடவில்லை.

நல்ல வெயில் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு உள்ளே பத்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் வெளிச்சம் வரும் ஓட்டைகள் எல்லாம் நட்சத்திரம் போலத் தெரியும். ஒவ்வொன்றையும் சோக்கால் வட்டமிடுங்கள்.

அதிகம் தெரியப் போவது, கூரைத் தகரம் சுவரின் மேல்விளிம்பில் உட்காரும் இடம்தான். சாதாரண அலைத்தகரத்தில் அலைக்கு அலை 76 மில்லிமீற்றர் இடைவெளி. அலையின் உயரம் 16 முதல் 19 மில்லிமீற்றர். 30 அடி நீளச் சுவரில் இது ஒரு பக்கத்துக்கே ஏறத்தாழ 120 அரைவட்ட ஓட்டை. இரண்டு பக்கமும் சேர்த்தால் 240. கதவைப் பூட்டி வைத்தும் குளவி வருவதில் புதுமை இல்லை. அடுத்து முகட்டுத் தகட்டின் அடிப்பக்கத்தையும் ரோலர் கதவின் இரு ஓரங்களையும் பாருங்கள்.

அலைக்கு ஏற்றபடி வெட்டிய நுரைப்பட்டி கிடைத்தால் அதுவே நல்லது. தகரத்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்; வளைந்த அலைக்குரியது பெட்டி அலைக்குப் பொருந்தாது. கிடைக்காவிட்டால் அலுமினிய நுளம்பு வலையை 6 அங்குல அகலத்தில் வெட்டி, பெருவிரல் பருமனில் தளர்வாகச் சுருட்டி, ஒவ்வோர் அலைக்குள்ளும் திணித்து, உள்ளிருந்து ஒரு தட்டைக் கம்பியை நீளத்துக்கு வைத்துத் திருகாணி போடுங்கள். காற்று போய்வரும், குளவி வராது. தகரக் கொட்டிலில் காற்றோட்டத்தை முழுதாக அடைத்தால் விடியப்புறம் தகரம் வியர்த்து நெல்லில் சொட்டும். ஆகவே வலைதான் எங்கள் தெரிவு. கால் அங்குலக் கம்பிவலை போதாது. மெலிந்த குளவி அதற்குள்ளால் நுழைந்துவிடும். கண் 3 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது.

சீமெந்து பூசி அடைப்பவர்கள் பலர். அது நிற்காது. பத்தடி இரும்புத் தகரம், விடியப்புறத்துக்கும் மத்தியானத்துக்கும் இடையில் 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். அலுமினியமென்றால் அதன் இரு மடங்கு. நாள்தோறும் இப்படி இழுபட்டால் ஒரு கோடைக்குள் சாந்து வெடித்துக் கழன்றுவிடும்.

அடைக்க முன்னர் உள்ளே உயிருள்ள கூடு இல்லையென்று உறுதிப்படுத்துங்கள். கூட்டோடு வழியை அடைத்தால் குளவிகள் வேறு வழி தேடிக் கொட்டிலுக்குள்ளேயே இறங்கும். இந்தத் தவறால் கொட்டு வாங்குவதும் உண்டு.

பூநகரியிலிருந்து: பொக்ஸ் பாரின் (சதுர இரும்புக் குழாய்) வாய்க்குள் குளவி போய்வருகிறது. சீலையைத் திணித்தோம், இழுத்து வெளியே போட்டுவிட்டது போலிருக்கிறது.

சீலை ஈரம் பிடித்து உட்பக்கமாகத் துருவைக் கொண்டுவரும். குழாயின் அளவுக்குரிய பிளாஸ்டிக் மூடி அடியுங்கள், அல்லது ஒட்டு (வெல்டிங்) வேலைக்காரரைக் கொண்டு தகட்டுத் துண்டு வைத்து ஒட்டுங்கள். துளைத்துவிட்டுப் பயன்படுத்தாத திருகாணி ஓட்டைகளுக்குச் சிலிக்கன் போதும். நிற்கும் தூணின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். அது 3 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். விசிறி அடிக்கும் நுரையைப் பாவித்தால் வெயில் படும் இடத்தில் மேலே பெயின்ற் பூச வேண்டும், இல்லாவிட்டால் பொடியாய் உதிரும். அந்த நுரை எரியக்கூடியது. ஒட்டு வேலை முடியும்வரை அதைத் தொடவேண்டாம்.

முழங்காவிலிலிருந்து: தகரத்திலும் தண்ணீர்ப் பம்பிலும் மண்கூடு. பிள்ளைகளைக் கொட்டுமா?

இது மண்குளவி. நூல் போன்ற இடுப்போடு தனியாகத் திரியும். கூட்டைக் காக்கக் கூட்டமாக வராது. கையால் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டுவது அரிது. கூட்டை உடைத்தால் உள்ளே மயங்கிய சிலந்திகள் அடுக்கி இருக்கும். குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு.

பயப்பட வேண்டியது உங்கள் இயந்திரத்துக்காக. பம்பின் புகைக்குழாய், எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத்துளை, மருந்தடிக்கும் தாங்கியின் முனை, சாவித்துவாரம் எல்லாவற்றையும் இது மண்ணால் அடைக்கும். 1996ஆம் ஆண்டு டொமினிக்கன் குடியரசில் 189 பேர் இறந்த விமான விபத்துக்கு, வேகம் அளக்கும் குழாய் அடைபட்டதே காரணம் என்றும், அடைத்தது மண்குளவியாக இருக்கலாம் என்றும் கருதப்பட்டது. சிறுபோகம் முடிந்து பம்பைத் தூக்கி வைக்கும்போது எல்லா வாய்களையும் மூடி வையுங்கள். பழைய கூட்டைச் சுரண்டியால் எடுத்து, அடையாளம் போகச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அந்த இடத்தில்தான் தகரம் முதலில் துருப்பிடிக்கும்.

நெடுங்கேணியிலிருந்து: கைமரத்தில் பூசணிக்காய் அளவில் சாம்பல் நிறக் கூடு. இரவில் மண்ணெண்ணெய்ப் பந்தம் பிடித்து எரிக்கலாம் என்கிறார்கள்.

வேண்டாம். உருண்டையாக, கடதாசி போன்ற உறையோடு, ஒரே வாசலோடு இருந்தால் அது பெருங்குளவி. கறுப்பு உடம்பு, வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டை. தகரத்துக்குக் கீழே வைக்கோலும் சாக்கும் டீசலும் இருக்கும் இடத்தில் பந்தம் பிடித்தால் கூட்டோடு கொட்டிலும் போகும். கூட்டின் ஒரு பக்கம் எரியும்போதே மற்றப் பக்கத்தால் வருபவை ஏணியில் நிற்பவரைத்தான் தேடும்.

இந்த அளவுக் கூட்டை அனுபவமும் முழு உடுப்பும் உள்ளவரைக் கொண்டே எடுப்பியுங்கள். பாடசாலை, சனசமூக நிலையம் போன்ற பொது இடமென்றால் பிரதேச சபைக்கும் கிராம அலுவலருக்கும் அறிவியுங்கள். அதுவரைக்கும் அந்தக் கொட்டிலில் கிரைண்டர், ஜெனரேற்றர் ஓட்டாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். தகரம் அதிர்வை நேரே கூட்டுக்குக் கடத்தும்.

நீங்களே கையாளக்கூடியது, உறையில்லாமல் அறைகள் வெளியே தெரிய ஒரு காம்பில் தொங்கும் சின்னக் கூடு மட்டுமே, அதுவும் உள்ளங்கை அளவுக்குள். ஒரு லீற்றர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 2 மேசைக்கரண்டி கலந்து, நேராகப் பீய்ச்சும் தெளிப்பானில் எடுங்கள். நன்றாக இருட்டிய பின், குளவிகள் கூட்டில் ஒடுங்கியிருக்கும்போது, நிலத்தில் நின்றபடி அடியுங்கள். ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். குளவிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சவர்க்காரம் அவற்றின் மூச்சுத்துளைகளுக்குள் தண்ணீரை இறக்கிவிடும். மறுநாள் காம்பின் அடியையும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் கொஞ்சம் கிறீஸ் தேயுங்கள். புதுக்காம்பு அதில் இலகுவில் ஒட்டாது. நெல் இருக்கும் கொட்டிலில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

குளிர்காலம் வரைக்கும் பொறுத்தால் கூடு தானாகச் சாகும் என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். அது பனி விழும் நாட்டுக் கணக்கு. இங்கே கூடு மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாரம் ஒருமுறை கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். நாலைந்து அறையோடு ஒற்றைக் குளவி இருக்கும் கட்டத்தில் ஒரு நீண்ட தடி போதும்.

மாங்குளத்திலிருந்து: வேப்பெண்ணெய், பூச்சி உருண்டை, நீலப் பெயின்ற், ஊதிய கடதாசிப் பை. எது உதவும்?

நம்பியிருக்கக்கூடியது ஒன்றுமில்லை. வேப்பெண்ணெயின் மணம் சுடுதகரத்தில் சில நாளில் பறந்துவிடும். பூச்சி உருண்டையின் ஆவி நெல்லுக்கும் பிள்ளைகளுக்கும் கூடாது. அந்தக் காசுக்கு வலை வாங்குங்கள்.

துணுக்காயிலிருந்து: தகரத் தாழ்வாரத்தில் ஒரு முழத்துக்கு மேல் அகலமான ஒற்றை வதை தொங்குகிறது. குளவியா?

அது பெருந்தேனீ. பூக்காலம் முடிய இடம்பெயரும். கல்லெறியாமல், புகை போடாமல், ஆட்களையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல் பொறுத்திருங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து: கொட்டிவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த இடத்தை விட்டு ஓடுங்கள். நின்று கையை வீசாதீர்கள். தோலில் கொடுக்கு நின்றால் கொட்டியது தேனீ, நகத்தால் உடனே வழித்து எடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வீங்க முன்னர் மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு பூசாதீர்கள்.

உடம்பெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்று, வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். பெருங்குளவி பல இடத்தில் கொட்டியிருந்தால், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். விஷம் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பிறகும் தாக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ தேயிலைச் சாயம் போலப் போனாலோ அதே நேரத்தில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.