நோய்க் குறியீட்டை எண்ணாக வைக்காதீர்கள்

கேள்வி: நோயாளிப் பதிவுகளை எக்செல் ஷீட்டிலிருந்து ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றுகிறேன். சில ஐசிடி (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) குறியீடுகள் நடுவில் ஏதோ பெரிய எண்ணாக மாறிவிடுகின்றன. அதோடு, குறியீட்டுக்கு ஒரே ஒரு ஃபீல்டு போதுமா?

முதல் சிக்கலுக்குக் காரணம் எக்செல்தான். ஐசிடி-11இல் சின்னம்மைக்கு 1இ90 என்று குறியீடு. நடுவில் இருப்பது ஆங்கில இ எழுத்து என்பதால் எக்செல் அதைப் பத்தின் 90ஆம் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 1.00இ+90 என்று காட்டும். ஜேசானிலும் மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் அது முறையான எண்தான், அதைப் படிக்கும் நிரலான பார்சர் எந்தப் பிழையும் சொல்லாமல் விழுங்கிவிடும். பழைய ஐசிடி-9இல் காலராவின் 001.0 வெறும் 1 ஆகிவிடும். ஆகவே பார்ப்பதற்கு முழுக்க எண்ணாகவே இருந்தாலும் எல்லாக் குறியீடும் ஸ்ட்ரிங்தான், அதாவது மேற்கோள் குறிக்குள் வரும் எழுத்துத் தொடர்தான், இதில் விதிவிலக்கே வேண்டாம்.

ஒரே ஃபீல்டு போதாது. புள்ளி இல்லாமல் இ880 என்று மட்டும் ஒரு பதிவு வருகிறது என்று வையுங்கள். ஐசிடி-9 என்றால் படிக்கட்டில் விழுந்தவர், ஐசிடி-10 என்றால் இ88.0, அதாவது ரத்தப் புரதம் சார்ந்த வளர்சிதைமாற்றக் கோளாறு. எந்தத் தொகுப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தால்தானே தெரியும்!

இதற்கு ஃபயர் என்ற மருத்துவத் தரவுப் பரிமாற்றத் தரத்தின் அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். தொகுப்பைக் காட்டும் முகவரி, அதன் பதிப்பு, குறியீடு, அதற்கான பெயர் என்று நான்கும் சேர்ந்து ஒரு கோடிங். ஒரே நோய்க்கு ஐசிடி, ஸ்னோமெட் (மருத்துவச் சொற்களுக்கான இன்னொரு குறியீட்டுத் தொகுப்பு) இரண்டும் இருந்தால் இரண்டு கோடிங்கையும் ஒரே பட்டியலில் போடலாம். மருத்துவர் கைப்பட எழுதிய வாசகம் தனியாக டெக்ஸ்ட் ஃபீல்டில் இருக்கட்டும், அதை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பின்னால் சந்தேகம் வந்தால் பார்க்க அதுதான் இருக்கும். பதிப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் ஒவ்வோர் அக்டோபரிலும் மாறுகிறது என்பதால் அதையும் எழுதிவிடுங்கள். புள்ளியைத் தொகுப்பில் உள்ளபடியே வையுங்கள்.

ஸ்னோமெட் எண்கள் 18 இலக்கம் வரை போகும், எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ளதைப் பூஜ்ஜியமாக்கிவிடும். அதனால் ஷீட்டை இறக்கும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிடுங்கள். ஏற்கெனவே சேமித்துவிட்ட ஷீட் என்றால் ஸ்னோமெட்டின் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அதை வெர்ஹோஃப் என்ற பிழை காணும் கணக்கு முறையில் சோதித்தால் கெட்டுப்போன வரிகள் பெரும்பாலும் சிக்கிவிடும். அப்புறம் அவற்றை மூலத் தரவுத்தளத்திலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும்.