நடுவில் வானம் உள்ள வீடு

கேள்வி: ஆச்சி, என் மகன் கலிபோர்னியாவில், சன்னிவேலில் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். 1961-ல் கட்டியதாம், ‘ஐக்லர் வீடு’ என்கிறான். வீடியோவில் பார்த்தேன். மாடி இல்லை, தட்டைக் கூரை, தெருப்பக்கம் ஒரு சன்னல்கூட இல்லாத பலகைச் சுவர். பள்ளத்தூரில் இரண்டு கட்டு வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதுவா வீடு? இடித்துக் கட்டச் சொன்னால் கோபப்படுகிறான்.
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: இடிக்கச் சொல்லாதீர்கள் ஆச்சி. பேத்தி பிறந்தபோது அந்த ஊர்ப்பக்கம் இதே மாதிரி வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். வாசலில் இறங்கியதும் எனக்கும் மனசு சுருங்கிப்போனது. கதவைத் திறந்தால் முற்றம்! மேலே வானம், சுற்றிலும் கண்ணாடி. அடுப்படியில் நின்றபடியே தொட்டிலையும் பார்க்கலாம், மழையையும் பார்க்கலாம். தைப் பொங்கலை மகள் அந்த முற்றத்தில்தான் வைத்தாள். எனக்கு எங்கள் வளவில் நிற்பது போலவே இருந்தது.

இன்னொன்று தரை. ஜனவரிக் குளிரில் வெறுங்காலோடு நடந்தேன். சிமெண்டுத் தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட விட்டிருக்கிறார்கள். சித்திரையில் ஆத்தங்குடிக் கல் நம் காலுக்குச் செய்வதை, அங்கே குளிர்காலத்தில் அந்தத் தரை செய்கிறது. உத்திரத்தையும் ஒளிக்கவில்லை. கூடத்தில் தொடங்கி, கண்ணாடியைத் தாண்டி, வெளியே இறவாரம் வரை ஒரே மரமாக ஓடும்.

இவற்றைக் கட்டிய ஜோசப் ஐக்லர் கட்டடக் கலைஞர் அல்ல, வெண்ணெய், முட்டை மொத்த வியாபாரத்தில் இருந்தவர். புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தபோது பிடித்த ஆசை. நல்ல கலைஞர்களை வைத்து, நடுத்தரக் குடும்பங்களுக்காகச் சுமார் 11,000 வீடுகள் கட்டினார். கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் வீடு தர மறுத்த குடியிருப்புகள் நிறைய இருந்த காலத்தில், இவர் பேதம் பார்க்காமல் எல்லோருக்கும் விற்றார். இதற்காகவே அந்த வீடுகள் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, குறையும் உண்டு. ஒற்றைக் கண்ணாடி, சூடு தங்காது. தட்டைக் கூரை ஒழுகுகிறதா என்று வருஷா வருஷம் பார்க்க வேண்டும். தரைக்குள் குழாய் கசிந்தால் சிமெண்டைத்தான் உடைக்க வேண்டும். அதையெல்லாம் சரிசெய்யச் சொல்லுங்கள். மரச்சுவருக்கு வெள்ளை பெயிண்ட் மட்டும் அடிக்க விடாதீர்கள்.

எங்கள் அப்பச்சி வீட்டைப் பங்காளிகள் கூடி இடித்தபோது, பர்மா தேக்குத் தூண்கள் லாரியில் ஏறிப் போயின. பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை கடையாகத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உங்கள் மகன் காப்பாற்ற நினைக்கிறான் ஆச்சி. அடுத்த முறை வீடியோவில் பேசும்போது, அந்த முற்றத்தில் நின்று மேலே காட்டச் சொல்லுங்கள்.