கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டால் உதடும் நாக்கும் ஏன் மரத்துப்போகின்றன?

மேல் பல்லுக்குப் போட்டபோது ஈறு மட்டும்தான் மரத்தது, கீழ்ப் பல்லுக்குப் போட்டதும் பாதி உதடும் நாக்கும் போய்விட்டதே என்று கேட்டிருக்கிறீர்கள். பல் மருத்துவராகச் சொல்கிறேன், உதடு மரத்தது நல்ல சேதிதான்.

மேல் தாடை எலும்பு மெல்லியது. ஈறில் போட்ட மருந்து ஊறி வேர் வரை போய்விடும். கீழ்த் தாடையின் பின்பகுதியில் எலும்பின் வெளிச்சுவர் தடிமன், இறுக்கம். பெரியவர்களுக்கு அங்கே ஈறில் போடும் மருந்தை மட்டும் நம்ப முடியாது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே அதை மறிக்கிறோம்.

அந்த நரம்பு இன்பீரியர் அல்வியோலர். முகத்தின் தொடு உணர்வைப் பார்த்துக்கொள்ளும் ஐந்தாம் மூளை நரம்பான ட்ரைஜெமினலின் மூன்றாம் கிளையிலிருந்து பிரிவது. தாடை எலும்பு காதுப் பக்கம் மேலே ஏறுகிறதல்லவா, அதன் உட்பக்கமாக இறங்கி, ஏறக்குறைய நடுவில் உள்ள துளைக்குள் புகுந்து, எலும்புக்குள்ளேயே முன்னோக்கி ஓடுகிறது. வழியில் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு இழைகள் கொடுக்கிறது. முன்கடைவாய்ப் பற்களுக்கு அடியில் இரண்டாகிறது. ஒரு கிளை உள்ளேயே முன்பற்களுக்குப் போகிறது. மற்றது, மென்டல் நரம்பு, சிறு துளை வழியே வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தருகிறது. தொடக்கத்திலேயே மறித்துவிட்டால் இத்தனையும் மரக்கும். "உதடு தடிச்ச மாதிரி இருக்கா?" என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். உதடு மரத்தும் பல் வலிப்பதுண்டு, முக்கியமாகப் பல்லின் உள்ளே அழற்சி இருந்தால்.

நாக்கு? அதற்கு உணர்வு தரும் லிங்குவல் நரம்பு, இன்பீரியர் அல்வியோலருக்குச் சற்று முன்னால், உட்பக்கமாக, ஊசி போகும் வழியிலேயே இருக்கிறது. ஏழாம் நரம்பிலிருந்து வரும் சுவை இழைகளும் அதில் சேர்ந்து ஓடுவதால் நாக்கின் அந்தப் பக்கத்து முன்பகுதியில் சுவையும் மங்கும். கன்னத்தை ஒட்டிய ஈறுக்கு வேறொரு நரம்பு. பல் பிடுங்கும்போது அங்கே இன்னொரு குத்து விழுவது அதனால்தான்.

கண்ணாடியில் சிரித்துப் பாருங்கள், வாய் ஒழுங்காகத்தான் அசையும். அசைப்பது ஏழாம் நரம்பின் வேலை, அதை நாங்கள் தொடவில்லை. அபூர்வமாக ஊசி அதிகம் பின்னால் போய், மருந்து காதுக்கு முன்னுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாமல் போகும். பயமாக இருக்கும், ஆனால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

உதட்டு மரப்பு பொதுவாக 3 முதல் 5 மணி நேரம் இருக்கும். குழந்தை என்றால் உதட்டைக் கடித்துப் புண்ணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளும் மரப்பு இருந்தால், குறிப்பாக ஞானப்பல் எடுத்த பிறகு, மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்புறம், ஊசி, அடி, பல் சிகிச்சை எதுவுமே இல்லாமல் மோவாய் ஒரு பக்கம் மரத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சில சமயம் வேறிடத்துப் புற்றுநோய் தாடைக்குப் பரவியதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம்.